ஆட்சி போனது; 360 சீட்டில் ஆட்டம் வந்தது: மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் யார்?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க என்ன செய்வாங்க? காட்டுமன்னார்கோயில் மாதிரி பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் பெரியவர்களைக் கேட்டால், பரமபதம் என்பார்கள். தாயக்கட்டையை உருட்ட வேண்டும். ஏணி கிடைத்தால் மேலே, பாம்பு கடித்தால் கீழே. கடைசிக் கட்டத்தில் வைகுண்டம். ஆட்டம் மாதிரி இருக்கும். ஆனால் பாவம், புண்ணியம் என்று ஒரு பெரிய கணக்கு அந்த அட்டைக்குள் இருக்கும்.

அதே வீட்டில் இன்னொரு மூலையில் பேரன் மொபைலில் ஒரு சூப்பர் ஹீரோ கேம் ஆடிக்கொண்டிருப்பான். எந்த ஹீரோ, அவனுக்கு என்ன சக்தி, என்ன ஆயுதம், எதில் பலவீனம்? இதையெல்லாம் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பான்.

பாட்டியின் அட்டைக்கும் பேரனின் மொபைலுக்கும் நடுவில் ஒரு ராஜா இருக்கிறார். தெய்வங்களையும் புராண நாயகர்களையும் வைத்து, ஒரே கட்டில் 360 சீட்டுகள் வரை உள்ள ஆட்டங்களை உருவாக்கியவர். பெயர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். கன்னடத்தில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். (மும்மடி என்றதும் நமக்கு ராஜராஜ சோழன் ஞாபகம் வரும். இங்கே அதற்கு மூன்றாமவர் என்று மட்டும்தான் பொருள்.)

மைசூரின் ராஜா என்ற பட்டத்தோடு கிட்டத்தட்ட 69 ஆண்டுகள் இருந்தவர். அதில் 37 ஆண்டுகள் அவரிடம் ஆட்சி அதிகாரமே இல்லை.

சிதம்பரம் கோயிலில் மைசூர் படை

இவருக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக இல்லை. ஆனால் இவர் அரியணை ஏறக் காரணமான சண்டைகளில் ஒன்று நம்ம பக்கத்தில்தான் நடந்தது.

1781-ல் மைசூரின் ஹைதர் அலி படை தமிழ்நாட்டின் வடக்கு, கிழக்குப் பகுதிகளை உலுக்கிக்கொண்டிருந்தது. காட்டுமன்னார்கோயிலில் இருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் இருக்கும் சிதம்பரம் நடராஜர் கோயில் அப்போது கோட்டை மாதிரி பயன்பட்டது. உயரமான மதில், உள்ளே ஹைதரின் வீரர்கள். அந்த ஜூன் மாதம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி அயர் கூட் கோயிலைத் தாக்கி, முடியாமல் பின்வாங்கினார். ஆனால் ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டையில் நடந்த போரில் கூட் ஜெயித்தார். பாடப்புத்தகத்தில் போர்ட்டோ நோவோ போர் என்று படித்தோமே, அது இதுதான்.

மைசூர் என்றாலே ஹைதர், திப்பு என்றுதான் நமக்கு நினைவு வரும். ஆனால் அந்த நாட்டின் பரம்பரை ராஜாக்கள் உடையார்கள். 1761-ல் தளபதியாக இருந்த ஹைதர் அதிகாரத்தைக் கையில் எடுத்த பிறகு, உடையார்கள் பெயருக்குத்தான் ராஜா. 1796-ல் அப்படிப் பெயரளவில் இருந்த சாமராஜ உடையார் இறந்தபோது, அடுத்து யாரையும் அரியணையில் உட்கார வைக்கவே இல்லை திப்பு. அரச குடும்பம் ஒரு சாதாரண வீட்டில் வாழ்ந்தது. அந்த வீட்டில் 2 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். 1794 ஜூலை 14-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தவன். அவன்தான் நம் கதையின் நாயகன்.

குடும்பத்தின் மூத்த ராணி லக்ஷ்மம்மண்ணி சும்மா இருக்கவில்லை. பல ஆண்டுகளாக மெட்ராஸில் இருந்த கம்பெனி அதிகாரிகளோடு ரகசியமாகப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். திப்பு போனால் ராஜ்ஜியம் எங்கள் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், அதுதான் அவருடைய கோரிக்கை. இந்தக் கதையில் முதல் காய் நகர்த்தியது அந்தப் பாட்டிதான் என்று சொல்லலாம்.

பந்தலில் முடிசூடிய பையன்

1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போர்க்களத்தில் இறந்தார். நாட்டை என்ன செய்வது? மொத்தமாக எடுத்துக்கொண்டால் கூட்டாளியான ஹைதராபாத் நிஜாமுக்குப் பெரிய பங்கு தர வேண்டும், மராத்தியர்களும் கேட்பார்கள். ஒரு சின்னப் பையனை ராஜா ஆக்கிவிட்டால் பிரச்சினை சுலபமாகத் தீரும். கம்பெனி அதைத்தான் செய்தது.

1799 ஜூன் 30-ம் தேதி மைசூரில் முடிசூட்டு விழா. பையனுக்கு 5 வயது நிறைய இன்னும் 2 வாரம் பாக்கி. பழைய அரண்மனையைத் திப்பு காலத்திலேயே இடித்துவிட்டதால், விழா நடந்தது பந்தலில்.

கூடவே ஓர் ஒப்பந்தம். மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் ஸ்டார் பகோடா (அந்தக் காலத்து பொன் நாணயம்) கம்பெனிக்குக் கட்ட வேண்டும். பாதுகாப்பு கம்பெனி பொறுப்பு. பணம் வருவது நின்றுபோகும் என்று கம்பெனி சந்தேகப்பட்டால், நாட்டின் நிர்வாகத்தை அதுவே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 32 வருஷம் கழித்து இது வேலை செய்யும்.

பையன் வளரும்வரை ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் திவான் பூர்ணையா. ஹைதரிடமும் திப்புவிடமும் வேலை பார்த்த அதே பூர்ணையாதான். ஆட்சி மாறினாலும் நிர்வாகி மாறவில்லை! கெட்டிக்காரர், கறார் பேர்வழி. 1811-ல் அவர் பொறுப்பை ஒப்படைத்தபோது கஜானா நிரம்பி இருந்தது.

இடையில் ஒரு சுவாரசியமான விஷயம். 1805-ல் சிறுவன் ராஜாவுக்குத் திருமணம் ஆனது. அந்தக் காலகட்டத்தில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மைசூர் ராணிகள் மூவரை வரைந்திருக்கிறார். அதில் ஒருவர் சேலையை ஒதுக்கிக் கையைக் காட்டிக்கொண்டு நிற்பார். அம்மை தடுப்பூசியை மக்கள் பயமில்லாமல் போட்டுக்கொள்வதற்கான விளம்பரம் அது என்று வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொரோனா நேரத்தில் இந்த ஓவியம் மறுபடி பேசப்பட்டது.

1831: எல்லாம் போன வருஷம்

இளம் ராஜா எப்படி ஆண்டார்? இங்கே நாம் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். கலைகளுக்கும் கோயில்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். கூடவே செலவும் கட்டுக்கடங்காமல் போனது. வரி வசூலை அதிகாரிகளிடம் விட்டார். இவ்வளவு தொகை கட்டியே ஆக வேண்டும் என்று நிபந்தனை. அந்தத் தொகையை எட்ட அவர்கள் விவசாயிகளைக் கசக்கிப் பிழிந்தார்கள்.

1830-ல் மைசூரின் வடமேற்கில் இருந்த நகர் பகுதி விவசாயிகள் பொறுக்க முடியாமல் கிளர்ந்தார்கள். பூதி பசவப்பா என்பவர் நானே பழைய நகர் அரச வம்சம் என்று சொல்லிக்கொண்டு தலைமைக்கு வந்தார். கலகத்தை அடக்க கம்பெனிப் படையும் வர வேண்டியிருந்தது.

1831-ல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங் அந்தப் பழைய ஒப்பந்த விதியை எடுத்தார். நிர்வாகம் இனி கம்பெனி கையில் என்று ராஜாவுக்குக் கடிதம் போனது. 37 வயதில் அவர் ஆட்சியை இழந்தார்.

பட்டம் இருந்தது. அரண்மனை இருந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ஸ்டார் பகோடாவும், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் உண்டு. ஆனால் ஒரு தாசில்தாரை மாற்றக்கூட அவரால் முடியாது.

பின்னால் விசாரித்த குழு, நிலைமை சொல்லப்பட்ட அளவுக்கு மோசம் இல்லை என்றே அறிக்கை கொடுத்தது. பென்டிங்கே பிற்காலத்தில் இந்த முடிவுக்காக வருந்தியதாகப் பதிவுகள் உண்டு. ஆனால் நாடு திரும்பி வரவில்லை. 1834-ல் இருந்து 1861 வரை மைசூரை ஆண்டது கமிஷனர் மார்க் கப்பன். பெங்களூருவில் கப்பன் பார்க் போயிருப்பீர்களே, அந்தக் கப்பன்தான்.

விவசாயிகள் பட்ட பாடு உண்மை. அதைச் சாக்காக வைத்து ஒரு நாட்டையே கம்பெனி எடுத்துக்கொண்டதும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க முடியாது.

ஆள நாடில்லை, ஆனால் நேரம் இருக்கு

37 வயதில் ஒரு மனிதனிடம் பணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ஓவியர்களும் பண்டிதர்களும் சுற்றி இருக்கிறார்கள். செய்ய வேலை மட்டும் இல்லை. என்ன செய்வார்?

1833-ல் மைசூரில் ஓர் இலவச ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பின்னால் மகாராஜா கல்லூரி ஆனது. மைசூர் ஓவியப் பாணி வளர்ந்ததில் அவருடைய அரண்மனைக்குப் பெரிய பங்கு உண்டு. சதுரங்கத்தில் குதிரையை ஒரே கட்டத்தில் இரண்டு முறை வைக்காமல் 64 கட்டத்தையும் சுற்றி வரச் செய்யும் புதிர் இருக்கிறதே, அதற்கு விதவிதமாக விடை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அது கணக்குப் புலிகளின் வேலை.

ஆனால் முக்கியமானது ஸ்ரீதத்துவநிதி. அவருடைய பெயரில், அவருடைய அரண்மனையில் உருவான பிரம்மாண்டமான படத் தொகுப்பு நூல். மொத்தம் 9 பகுதிகள். சக்தி, விஷ்ணு, சிவன், பிரம்மா, கிரகங்கள் என்று போகும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் என்ன நிறம், எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், என்ன வாகனம் என்று விவரமும் படமும் இருக்கும். கோயில் சிற்பிக்கும் ஓவியருக்கும் அது ஒரு கையேடு.

இன்றைக்கு கேம் ஆடும் ஒரு பையனிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினால், இது கேரக்டர் ஷீட் என்பான். அப்படித்தான் இருக்கும்.

கடைசி, 9-வது பகுதியின் பெயர் கௌதுக நிதி. கௌதுகம் என்றால் ஆர்வம், வேடிக்கை, விளையாட்டு. 122 யோகாசனங்களின் படங்கள் இதில்தான் வருகின்றன. யோகா வரலாறு எழுதுபவர்கள் இன்றைக்கும் இந்தப் பக்கங்களைத் தேடிப் போகிறார்கள். ராஜாவின் சீட்டாட்டங்கள் வருவதும் இந்தப் பகுதியில்தான்.

பகலில் ராமர், இரவில் கிருஷ்ணர்

சீட்டு என்றதும் ஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்று 52 சீட்டை நினைக்காதீர்கள். இது வேறு. பெயர் கஞ்சிஃபா. சீட்டுகள் பெரும்பாலும் வட்டமாக இருக்கும், உள்ளங்கையில் அடங்கும் அளவு. பணக்காரர்களுக்கு யானைத் தந்தத்தில், ஆமை ஓட்டில். மற்றவர்களுக்குத் துணியிலோ காகிதத்திலோ பசை தடவிக் கெட்டியாக்கி, கையால் படம் வரைந்து, மேலே அரக்குப் பூச்சு.

முகலாயர்களோடு பரவிய ஆட்டம் இது. 1527-ல் சிந்துவில் இருந்த ஒரு நண்பருக்கு கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பியதை பாபர் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அக்பருக்கும் இதில் ஆர்வம் உண்டு. முகலாயக் கட்டில் 8 வகை, வகைக்கு 12 சீட்டு, மொத்தம் 96.

இந்த ஆட்டம் நம்ம புராணங்களைச் சந்தித்தபோது பிறந்தது தசாவதார கஞ்சிஃபா. 10 அவதாரம், ஒவ்வொன்றுக்கும் 12 சீட்டு, மொத்தம் 120. மச்ச அவதாரத்துக்கு மீன் சின்னம், கூர்மத்துக்கு ஆமை, பரசுராமருக்குக் கோடாலி. வகைக்கு ஒரு ராஜா, ஒரு மந்திரி, பிறகு 1 முதல் 10 வரை எண் சீட்டுகள். 3 பேர் ஆடினால் ஆளுக்கு 40 சீட்டு.

இதில் ஓர் அருமையான விதி உண்டு. பகலில் ஆடினால் ராமர் சீட்டை வைத்திருப்பவர் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ராத்திரி ஆடினால் கிருஷ்ணர் சீட்டு. ராமன் பகலில் பிறந்தவன், கண்ணன் நள்ளிரவில் பிறந்தவன். கதை தெரிந்தால்தான் விதி புரியும்! இன்னொன்று: பாதி அவதாரங்களில் ராஜா, மந்திரிக்கு அடுத்தபடி 10 பெரிய சீட்டு. மீதிப் பாதியில் தலைகீழ், 1 பெரிசு, 10 கடைசி. கையில் இருக்கும் 10 பலமா பலவீனமா என்பது அது எந்த நாயகனுக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தது.

இதையே குழப்பம் என்று நினைப்பவர்கள் கிருஷ்ணராஜ உடையாரின் கட்டுகளைப் பார்க்க வேண்டும். அவருக்கு 120 போதவில்லை. கௌதுக நிதியில் 13 புதிய கஞ்சிஃபா ஆட்டங்கள் வருகின்றன. தசாவதாரத்தையே விரித்து ஒரு கட்டு. நவகிரகங்களுக்கு ஒரு கட்டு. பஞ்ச பாண்டவர்களுக்கு ஒன்று. குலதெய்வம் சாமுண்டேஸ்வரியின் பெயரில் உள்ள கட்டில் 16 வகை, வகைக்கு 20 சீட்டு, மொத்தம் 320. எல்லாவற்றையும் விடப் பெரியது ஜகன்மோகன கட்டு: 18 வகை, 360 சீட்டு. ராஜா, மந்திரியோடு நிற்காமல் இன்னும் பல பட்டச் சீட்டுகள் சேர்ந்தன.

யோசித்துப் பாருங்கள். 360 சீட்டையும் கையால் வரைய வேண்டும். எது எதை வெல்லும் என்று எழுதி வைக்க வேண்டும். ஆடுகிறவர்களும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும்.

நாட்டில் ஒரு சின்ன உத்தரவு போடவும் கமிஷனரிடம் கேட்க வேண்டியிருந்த மனிதர் அவர். ஆனால் இந்தச் சீட்டுக் கட்டுக்குள் யார் ராஜா, யார் மந்திரி, யார் யாரை வெல்வார் என்று முடிவு செய்வதில் அவரைத் தடுக்க ஆளில்லை. இப்படி நான் வாசிப்பது கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கலாம். ஆனால் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றவில்லை.

அப்போ சூப்பர் ஹீரோ கேமை நாமதான் கண்டுபிடிச்சோமா?

இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படி யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் நம்பாதீர்கள்.

டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் என்பது வேறு. மேசையைச் சுற்றி 4, 5 பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதை சொல்லி ஒரு சூழ்நிலையைச் சொல்வார்: பாலம் இடிகிறது, பஸ் தொங்குகிறது, என்ன செய்வாய்? நீங்கள் உங்கள் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா என்பதைத் தாயம் உருட்டித் தீர்மானிப்பார்கள். கிட்டத்தட்ட உட்கார்ந்த இடத்தில் ஆடும் கூத்து. வசனம் மட்டும் முன்கூட்டி எழுதப்படாதது.

இதன் வேர் எங்கே என்று பார்த்தால், நம்ம ராஜா வாழ்ந்த அதே காலம்தான், ஆனால் இடம் ஜெர்மனி. பிரஷ்ய ராணுவ அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி கொடுக்க ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் ஒரு மேசை ஆட்டத்தை உருவாக்கினார்கள். 1812-ல் தந்தையின் ஆட்டம், 1824-ல் மகன் செம்மைப்படுத்திய விதிகள். அது ராணுவத்துக்குப் போனது, அச்சானது, பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு பொழுதுபோக்குப் போர் விளையாட்டாக மாறியது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் சீரிஸில் பையன்கள் மேசையைச் சுற்றி ஆடுவார்களே, அதேதான்.

அங்கிருந்து சூப்பர் ஹீரோ ஆட்டங்கள் கிளம்ப அதிக நாள் ஆகவில்லை. 1977-ல் சூப்பர் ஹீரோ 2044. 1979-ல் வில்லன்ஸ் அண்ட் விஜிலான்டீஸ். 1981-ல் சாம்பியன்ஸ். 1984-ல் மார்வெல் நாயகர்களை வைத்தே ஓர் ஆட்டம், 1985-ல் டிசி நாயகர்களுக்கு ஒன்று.

இதில் சாம்பியன்ஸ் கொண்டுவந்த யோசனை கவனிக்க வேண்டியது. உங்களுக்குக் கொஞ்சம் புள்ளிகள் தருவார்கள். அதை வைத்துச் சக்திகளை வாங்கலாம்: பறக்க இவ்வளவு, சுவரை உடைக்க இவ்வளவு. புள்ளி போதவில்லையா? ஒரு பலவீனத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், கூடுதல் புள்ளி கிடைக்கும்.

இதைப் படிக்கும்போது நமக்கு இரணியகசிபு ஞாபகம் வராமல் இருக்குமா? பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது. வரம் என்பதே விதிப் புத்தகம்தான். அந்த விதிகளின் இடுக்கில் நுழைந்து வருகிறவர் நரசிம்மர். துரியோதனனுக்குத் தொடை. கர்ணனுக்குக் கவசம் கொடுத்த தானகுணம். சக்திக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டையையும் வைத்துத்தான் நம்ம புராணங்கள் நாயகனையும் வில்லனையும் படைத்தன.

மைசூர் ராஜா இந்த நாயகர்களைக் கதையில் இருந்து எடுத்து, வரிசைப்படுத்தி, பலம் குறித்து, மேசையில் வைத்தார். அது பெரிய வேலை. ஆனால் ஆடுகிறவர் நரசிம்மராகப் பேச வேண்டியதில்லை, கதையை மாற்ற முடியாது. சீட்டைப் போட வேண்டும், பிடிக்க வேண்டும், எண்ண வேண்டும். வித்தியாசம் அங்கேதான்.

பிரஷ்ய ஆட்டம் பரவியது, மைசூர் ஆட்டம் ஏன் பரவவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. அங்கே ஆட்டத்துக்குப் பின்னால் ஒரு ராணுவம் இருந்தது. இங்கே அதிகாரமில்லாத ஓர் அரண்மனை மட்டும் இருந்தது. 360 சீட்டை வரைய அரண்மனை ஓவியர் வேண்டும், ஆட விதி தெரிந்த துணை வேண்டும். பின்னால் மலிவாக அச்சடித்த 52 சீட்டுக் கட்டு கடைகளில் கிடைத்தபோது, கையால் வரைந்த வட்டச் சீட்டு போட்டி போட முடியவில்லை.

வாரிசுக்கான போராட்டம்

ராஜா சீட்டு வரைவதிலேயே மூழ்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நாட்டைத் திருப்பிக் கேட்டு அவர் மனு மேல் மனு போட்டுக்கொண்டே இருந்தார். கவர்னர் ஜெனரல்கள் வந்தார்கள், போனார்கள். பதில் மட்டும் மாறவில்லை.

இன்னொரு பெரிய கவலையும் இருந்தது. பட்டத்துக்கு வர ஆண் வாரிசு இல்லை. டல்ஹௌசி காலத்தில் வாரிசு இல்லாத ராஜ்ஜியங்களைக் கம்பெனி வரிசையாக விழுங்கிக்கொண்டிருந்தது. 1799 ஒப்பந்தம் இந்த ஒரு ராஜாவோடு முடிகிறது, இவர் இறந்தால் மைசூர் நமக்கு என்பது டல்ஹௌசியின் கணக்கு. ராஜாவுக்கு வயது 60-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

1857 கிளர்ச்சியின்போது அவர் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் அதற்கும் பலன் உடனே கிடைக்கவில்லை. பல ராஜாக்களுக்குத் தத்து எடுக்கும் உரிமை வழங்கப்பட்டபோது மைசூரின் பெயர் அதில் இல்லை.

1860-ல் மைசூரை மெட்ராஸ் மாகாணத்தின் கட்டுப்பாட்டில் கொடுக்க லண்டனில் இருந்து உத்தரவு வந்தது. ராஜா எதிர்த்தார். ஆச்சரியம் என்னவென்றால் கமிஷனர் கப்பனும் எதிர்த்து, ராஜினாமா செய்கிறேன் என்றார். உத்தரவு நின்றது. இல்லையென்றால் அன்றைக்கே மைசூர் நிர்வாகம் சென்னைக்கு வந்திருக்கும்.

1865 ஜூனில், அனுமதிக்குக் காத்திருக்காமல், குடும்பத்தின் ஒரு கிளையில் பிறந்த 2 வயதுக் குழந்தை சாமராஜேந்திரனைத் தத்து எடுத்தார். அரசு அங்கீகரிக்கவில்லை. லண்டன் வரை விவகாரம் போனது. மைசூரில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரிகள் சிலரே ராஜாவுக்காகப் பேசினார்கள். கடைசியில் 1867-ல் பிரிட்டிஷ் அரசு இறங்கி வந்தது. தத்து செல்லும், பையன் வளர்ந்ததும் மைசூர் அவனிடம் தரப்படும் என்று முடிவானது.

அடுத்த வருஷம், 1868 மார்ச் 27-ம் தேதி, 73 வயதில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் இறந்தார். ஆட்சி திரும்பிய நாளை அவர் பார்க்கவில்லை. அது நடந்தது 1881 மார்ச் 25-ல், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தத் தத்துப் பிள்ளையின் கைக்கு.

இப்போ எங்கே பார்க்கலாம்?

மைசூர் போகிறவர்கள் எல்லாரும் பெரிய அரண்மனைக்குப் போவார்கள். ஆனால் அது 1912-ல் கட்டி முடித்தது. கிருஷ்ணராஜ உடையார் வாழ்ந்த மர அரண்மனை 1897 தீ விபத்தில் போய்விட்டது. அவரைத் தேடினால் பக்கத்தில் இருக்கும் ஜகன்மோகன் அரண்மனைக்குத்தான் போக வேண்டும். 1861-ல் அவரே கட்டியது. இப்போது ஓவியக் காட்சியகம்.

ரவிவர்மா ஓவியங்களைப் பார்க்கத்தான் பெரும்பாலும் அங்கே கூட்டம். அங்கே சந்தானாம்புஜம் என்ற ஓவியமும் இருக்கிறது. தாமரை இதழ்களில் உடையார் வம்சத்தின் முன்னோர்கள் அடுக்கடுக்காக இருப்பார்கள், நடுவில் கிருஷ்ணராஜர். மேல்தளத்துக்கு ஏறினால் சுவர்களில் கட்டம் கட்டமாக, வண்ண வண்ணமாகச் சில ஓவியங்கள். தெரியாதவர்கள் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அவை அலங்காரம் இல்லை, ராஜா வடிவமைத்த பலகை ஆட்டங்கள். சுவரில் இருப்பதால் காய் வைத்து ஆட முடியாது என்பது வேறு விஷயம்.

கஞ்சிஃபா சீட்டுகளும் முழுதாக அழிந்துவிடவில்லை. மைசூர் கஞ்சிஃபாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மகாராஷ்டிராவின் சாவந்த்வாடியிலும், ஒடிசாவிலும், மேற்கு வங்கத்தின் பிஷ்ணுபூரிலும் இன்னும் வரைகிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் 120 சீட்டு தசாவதாரக் கட்டில் தொடங்கலாம். மூன்று பேர் வேண்டும். பகலில் உட்கார்ந்தால் ராமர் யார் கையில் என்று முதலில் கேளுங்கள். பொழுது சாய்ந்துவிட்டால் கிருஷ்ணரைக் கேளுங்கள்.